மைசூருக்குச் சம்பளத்துக்கு வந்த இசைத்தட்டு ராணி

நாடெங்கும் கிராமபோன் பெட்டிகளில் ஒலித்த குரல் அது. அந்தக் குரலுக்கு உரியவர், ஒரு காலத்தில் குதிரைகள் பூட்டிய சாரட்டில் கல்கத்தா வீதிகளில் வலம் வந்தவர். ராஜாக்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். கடைசியில், 1928-ம் ஆண்டில், மாதம் 500 ரூபாய் சம்பளத்துக்கு மைசூர் அரண்மனைக்குப் பாட வந்தார்.

பிழைப்பைத் தேடிக் கன்னட நாட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக வந்து, இந்த மண்ணிலேயே கண்ணை மூடியவர் கவுஹர் ஜான்.

பழைய இசைத்தட்டுகளைக் கேட்கத் தொடங்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஆனால் ஒரு தட்டைக் கேட்டதும், கரகரப்பும் கீச்சுக் குரலும்தான் காதில் விழுகின்றன. பாஷையும் புரிவதில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பாடியவரின் கதை தெரிந்தால் அந்தக் கரகரப்புக்குள் இருக்கும் மனிதக் குரல் கேட்கத் தொடங்கும். கவுஹர் ஜானின் கதை அதற்கு நல்ல தொடக்கம்.

ஏஞ்சலினா என்ற குழந்தை

1873-ம் ஆண்டு ஜூன் 26-ந்தேதி, உத்தரப் பிரதேசத்தில் உள்ள ஆசம்கர் நகரில் அவர் பிறந்தார். அப்பா வில்லியம் ராபர்ட் யோவர்ட், ஆர்மீனிய வம்சத்தைச் சேர்ந்தவர், என்ஜினீயர். அம்மா விக்டோரியா. குழந்தைக்கு வைத்த பெயர் ஏலீன் ஏஞ்சலினா யோவர்ட்.

குழந்தைக்கு 6 வயதானபோது, 1879-ல், பெற்றோர் பிரிந்தார்கள். கையில் குழந்தையோடு திக்கற்று நின்ற விக்டோரியா, பின்னர் காசிக்குப் போனார். இஸ்லாம் மதத்தைத் தழுவினார். தாய் மல்கா ஜான் ஆனார். மகள் கவுஹர் ஜான் ஆனாள்.

மல்கா ஜானுக்குப் பாட்டும் நடனமும் கவிதையும் கைவந்த கலைகள். அவற்றை நம்பி 1883-ல் மகளுடன் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே, பட்டத்தை இழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா, மட்டியாபுர்ஜ் என்ற இடத்தில் கலைஞர்களைச் சேர்த்து வைத்து வாழ்ந்து கொண்டிருந்தார். அந்தச் சபையில் மல்கா ஜானுக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் சித்பூர் ரோட்டில் சொந்த வீடு வாங்கும் அளவுக்கு அவர் உயர்ந்தார்.

மகளுக்குப் பெரிய வித்வான்கள் பாடம் சொன்னார்கள். கதக் நடனத்தில் பெயர் பெற்ற பிந்தாதின் மகராஜும் அவர்களில் ஒருவர். 1887-ல், 14 வயதில், தர்பங்கா சமஸ்தானத்தில் கவுஹர் ஜானின் அரங்கேற்றம் நடந்தது. முதல் கச்சேரியிலேயே ஆஸ்தானப் பாடகி ஆகிவிட்டார்.

குழாய்க்குள் பாடிய பாட்டு

1902-ம் ஆண்டு. லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரதிநிதி பிரெட் கெய்ஸ்பர்க், இந்தியப் பாட்டைப் பதிவு செய்யக் கப்பலேறி கல்கத்தாவுக்கு வந்தார். தட்டில் பாடினால் குரல் போய்விடும் என்று பல வித்வான்கள் பயந்த காலம். குரல் கடைக்கடையாக விலைபோவது கவுரவக் குறைவு என்று நினைத்தவர்களும் உண்டு.

கவுஹர் ஜான் பயப்படவில்லை. நவம்பர் 11-ந்தேதி ஒலிப்பதிவுக்கு வந்தார். ஒரு அமர்வுக்கு 3,000 ரூபாய் கேட்டு வாங்கினார் என்பார்கள். அப்போது ஒரு பவுன் நாணயத்தின் மதிப்பு 15 ரூபாய்! ஒரு நாள் பாட்டுக்கு 200 பவுன்!

இந்தியாவில் தட்டில் பாடிய முதல் ஆள் அவரே என்று சொல்வது வழக்கம். அவருக்குச் சில நாட்களுக்கு முன்பு கல்கத்தா நாடக மேடையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் பாடிப் பதிவாகியிருந்தது. ஆனால் இசைத்தட்டில் புகழ் பெற்ற முதல் பெரிய பாடகி கவுஹர் ஜான்தான். அதில் சந்தேகமில்லை.

அன்று மைக் கிடையாது. சுவரிலிருந்து நீண்டிருக்கும் பெரிய குழாய்க்குள் தலையை நீட்டி, உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஒரு ஊசியை அசைக்கும். ஊசி மெழுகுத் தட்டில் கீறும். அந்தத் தட்டு ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலில் போகும். அங்கே அச்சாகி, மாதக்கணக்கில் கழித்து இந்தியக் கடைகளுக்கு வரும்.

ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் இடம். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ராகத்தை 3 நிமிடத்தில் அடக்கிக் காட்டியது அவருடைய பெரிய சாதனை. பாட்டு முடிந்ததும், தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். எந்தத் தட்டில் யார் பாட்டு என்று ஹனோவர் தொழிலாளர்கள் அடையாளம் தெரிந்து கொள்ள அது உதவியது. பின்னாளில் அதுவே அவருடைய முத்திரை ஆகிவிட்டது.

1902 முதல் 1920 வரை சுமார் 600 தட்டுகளில் பாடினார். பத்துக்கும் மேற்பட்ட மொழிகள்! வங்காளி, இந்துஸ்தானி, குஜராத்தி, மராத்தி, பாரசீகம், பிரெஞ்சு ஆகியவற்றோடு தமிழும் அந்தப் பட்டியலில் சொல்லப்படுகிறது. தீப்பெட்டிகளிலும் அவர் படம் வந்தது. 1911-ம் ஆண்டு டெல்லி தர்பாரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில், அலகாபாத் ஜானகி பாயுடன் சேர்ந்து பாடினார்.

எப்படிக் கேட்பது?

கவுஹர் ஜானைக் கேட்கத் தொடங்குவோர் அவர் பாடிய தும்ரிகளில் தொடங்கலாம். அதிலும் பைரவி ராகத் தும்ரி நல்லது. இந்துஸ்தானி பைரவி, நம்முடைய சிந்துபைரவிக்கு நெருங்கிய உறவு. தமிழ்க் காதுக்கு அந்நியமாக இருக்காது.

முதல் முறை கேட்கும்போது கரகரப்பைப் பொருட்படுத்த வேண்டாம். பல்லவி எத்தனை தடவை திரும்பி வருகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். இரண்டாம் முறை, அதே வரி ஒவ்வொரு தடவையும் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். ஒரு தடவை கெஞ்சும். ஒரு தடவை கோபிக்கும். ஒரு தடவை ஏங்கும். சொல் ஒன்றுதான்; மனசு பல. அதுதான் தும்ரி. பாஷை தெரியாதவருக்கும் இது புரியும்.

குரல் கீச்சென்று இருப்பதாகத் தோன்றினால், பாடியவர் குழாய்க்குள் உரக்கப் பாடியதை நினைத்துக் கொள்ள வேண்டும். மெல்லிய குரலைப் பிடிக்க அந்தக் காலத்துக் கருவிக்குத் தெரியாது. 1925-க்குப் பிறகு மின்சார ஒலிப்பதிவு வந்தது. கே.பி.சுந்தராம்பாள், கிட்டப்பா தட்டுகளைக் கேட்டுப் பழகிய வீடுகளில் இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

கடல் கடந்த சகோதரிகள்

இதே போன்ற கதை அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே பருத்திக் காட்டிலும் ரெயில் பாதை வேலையிலும் பாடுபட்ட நீக்ரோ மக்களின் சோகப் பாட்டுக்குப் புளூஸ் என்று பெயர். ஒரு வரியைப் பாடுவார்கள். அதையே திருப்பிப் பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். நம் ஊர் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் கேட்டவர்களுக்கு அந்த ஏக்கம் புதிதல்ல.

1920-ல் மாமி ஸ்மித் என்ற பெண் பாடிய புளூஸ் தட்டு அமோகமாக விற்றது. 1923-ல் பெஸ்ஸி ஸ்மித் வந்தார். தாய் தந்தையை இழந்து தெருவில் பாடிக் காசு சேர்த்த பெண் அவர். ஊரை விட்டுச் சிகாகோ, நியூயார்க் போன்ற நகரங்களுக்கு வேலை தேடிப் போன நீக்ரோ தொழிலாளர்கள், கூலிக் காசில் அவருடைய தட்டுகளை வாங்கினார்கள். அதே 3 நிமிடம், அதே குழாய். பெஸ்ஸி ஸ்மித் 1937-ல் கார் விபத்தில் இறந்தார். அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல் வைக்க 33 ஆண்டுகள் ஆயின.

புளூஸ் கேட்கத் தொடங்குவோருக்கும் தும்ரிக்குச் சொன்ன வழிதான். திரும்பி வரும் வரியைப் பிடித்துக் கொண்டால் பாட்டு வழிவிடும்.

காந்திஜிக்குப் பாதி

கவுஹர் ஜானின் ஆடம்பரம் பற்றிப் பல கதைகள் உண்டு. பூனை குட்டி போட்டதற்கு ஊரைக் கூட்டி 20,000 ரூபாய் செலவில் விருந்து வைத்தார் என்பார்கள். விதியை மீறிக் குதிரை சாரட்டில் போனதற்கு அபராதம் கட்டினாரே தவிர, சாரட்டை விடவில்லை என்பார்கள்.

அவருடைய ரோஷத்தைக் காட்டும் கதையும் உண்டு. 1920-ல் சுயராஜ்ய நிதிக்குக் கச்சேரி செய்து பணம் திரட்டித் தரும்படி மகாத்மா காந்தி கேட்டாராம். காந்திஜி நேரில் வந்து கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கச்சேரியில் 24,000 ரூபாய் வசூலாயிற்று. ஆனால் காந்திஜியால் வர முடியவில்லை. மவுலானா ஷவுகத் அலியை அனுப்பினார். கவுஹர் ஜான் 12,000 ரூபாயை மட்டும் எண்ணிக் கொடுத்தார். வாக்குறுதியில் பாதி நிறைவேறியதற்குப் பணமும் பாதிதான் என்பது அவர் கணக்கு!

கோர்ட்டு வாசலில்

1906-ல் தாய் மல்கா ஜான் இறந்தார். அதிலிருந்து சரிவு தொடங்கியது. வீட்டில் வளர்ந்த ஒருவன், தானே மல்கா ஜானின் மகன் என்றும் சொத்துக்குத் தானே வாரிசு என்றும் வழக்குப் போட்டான். தன் பிறப்பை நிரூபிக்க, சிறு வயதில் பிரிந்த அப்பாவைத் தேடிப் போகும் நிலை கவுஹருக்கு வந்தது. வழக்கில் அவர் வென்றார்.

அடுத்த அடி இன்னும் பலமானது. தன்னைவிட வயதில் இளையவரான காரியதரிசி அப்பாஸை நம்பி மணந்து கொண்டார். சொத்துகளையும் எழுதிக் கொடுத்தார். மனம் முறிந்தது. மறுபடி கோர்ட்டு. வக்கீல் செலவிலும் வழக்கிலும் செல்வம் கரைந்தது. அவர் பாடிய தட்டுகள் மட்டும் கடைகளில் விற்றுக் கொண்டே இருந்தன.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்கத்தாவை விட்டு ஊர் ஊராக அலைந்தார். டார்ஜிலிங், ராம்பூர், பம்பாய்.

மைசூரில் இரண்டு தசராக்கள்

மைசூரை ஆண்ட நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சங்கீதத்தில் வடக்கு, தெற்கு என்று பேதம் பார்க்காதவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அந்த நாளில் அவருடைய ஆஸ்தானத்தில் இருந்தார். அதே ஆஸ்தானத்தில் கவுஹர் ஜானுக்கும் இடம் கிடைத்தது. 1928 ஆகஸ்டு 1-ந்தேதி முதல் வேலை.

ஒரு அமர்வுக்கு 3,000 வாங்கியவருக்கு, மாதம் முழுவதற்கும் 500. மாதக் கடைசியை எண்ணிக் காத்திருக்கும் எல்லோரையும் போல அவரும் சம்பளத்தை எண்ணி வாழ்ந்தார். பழைய கடன்களும் வழக்குகளும் பின்னாலேயே வந்தன. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. தெரிந்தவர் இல்லாத ஊரில், தெரியாத மொழிக்கு நடுவே, இரண்டு தசராக்கள் வந்து போயின.

1930-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி, மைசூர் கிருஷ்ணராஜேந்திரா ஆஸ்பத்திரியில் கவுஹர் ஜான் காலமானார். அப்போது வயது 56. மைசூருக்குப் போகும் பெங்களூர்த் தமிழர்கள் அந்த ஆஸ்பத்திரியைக் கே.ஆர். ஆஸ்பத்திரி என்று அறிவார்கள். அந்தப் பக்கம் போகிறவர்களில், அங்கே அடங்கிய குரல் எது என்று தெரிந்தவர்கள் சிலரே. பெஸ்ஸி ஸ்மித்துக்காவது பிற்பாடு ஒரு கல் கிடைத்தது. கவுஹர் ஜானை அடக்கம் செய்த இடம் அடையாளம் தெரியாமலே போய்விட்டது.

வீடு போயிற்று, நகை போயிற்று, நம்பியவர்கள் போனார்கள். மெழுகில் ஊசி கீறிய கோடு மட்டும் போகவில்லை. சேகரிப்பாளர்கள் பாதுகாத்த அந்தத் தட்டுகளில் பல இன்று கைப்பேசியிலேயே கேட்கக் கிடைக்கின்றன. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய ஒரு இரவில், 3 நிமிடம் ஒதுக்கினால் போதும். பாட்டு முடிந்தவுடன் நிறுத்திவிடாமல் ஒரு விநாடி பொறுத்தால், நூறு வருஷத்துக்கு அப்பாலிருந்து அவர் தன் பெயரைத் தானே சொல்வது கேட்கும்.