பிள்ளை உறங்காவில்லிதாஸர்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உறையூரில் மாசி ஆயில்யத்தில் அவதரித்தவர் பிள்ளை உறங்காவில்லிதாஸர். அரசனிடம் சேவகம் செய்த மல்லர். ஸ்ரீரங்கத்து உத்ஸவக் கூட்டத்தினிடையே தம் தேவிகள் பொன்னாச்சியாருக்குக் குடை பிடித்து, அவருடைய கண்ணழகையே பார்த்தபடி நடந்தார். கண்டோர் நகைத்தனர். எம்பெருமானாரோ அவரை அருகழைத்து, இவற்றிலும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவீரோ என்று வினவியருளினார். பெரிய பெருமாளின் திருக்கண்களை ஸேவித்தவுடனே மல்லர் தாஸரானார். பொன்னாச்சியாரும் உடையவர் திருவடிகளைப் பற்றினார்.

இவ்வளவோடு இச்சரித்திரத்தை நாம் முடித்துவிடுவதுண்டு. ஆயினும், நாம் ஊன்றி அநுஸந்திக்கவேண்டியது அதற்குப் பின் நடந்ததையே.

காவேரியில் நீராடி மீளும்போது உடையவர் தாஸருடைய கையைப் பற்றிக்கொண்டு எழுந்தருளுவார். குலத்தைக் கருதிச் சில சிஷ்யர்கள் இதற்கு மனம் வருந்தினர். அவர்களுக்குத் தாஸருடைய பெருமையை உணர்த்தத் திருவுள்ளம்பற்றிய உடையவர், இரவில் தாஸரைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, உறங்கும் பொன்னாச்சியாரின் ஆபரணங்களைக் கவர்ந்துவருமாறு அவர்களையே ஏவினார். விழித்துக்கொண்ட அம்மையார், வந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவர்கள் என்றறிந்து, மறுபக்கத்து நகைகளையும் கழற்றிக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். அவர்கள் அஞ்சி ஓடினர். வீடு திரும்பிய தாஸரோ தேவிகளைப் புகழவில்லை. நகை என்னுடையது, கொடுப்பவள் நான் என்னும் எண்ணமன்றோ உன்னைப் புரளச் செய்தது, எம்பெருமான் உடைமையை அவன் அடியார் கொள்ள அசையாது கிடந்திருக்கலாகாதோ என்று வெறுத்தார். கொடையினுள்ளும் அஹங்காரம் ஒளிந்திருப்பதைக் கண்டவர் அவர்.

அதே ஆராய்ச்சியைத் தம்மிடத்தும் செய்தார். அனைத்தையும் விட்டு வந்த விபீஷணனையே வானர முதலிகள் ஐயுற்றனரே. மனை விடாத அடியேனுக்குப் பேறு உண்டோ என்று உடையவரிடம் விண்ணப்பித்தார். விபீஷணனோடு வந்த நால்வரும் அவன் ஸம்பந்தத்தாலேயே கைக்கொள்ளப்பட்டனர், எமக்குப் பேறு உண்டாகில் உமக்கும் உண்டு என்று உடையவர் தேற்றியருளினார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்றோர் ஊர் உண்டு. தோணி ஒதுங்கும் துறை என்பது பெயரின் பொருள். தோணியில் ஏறியவனைத் துறை சேர்ப்பது அவன் கைவலிமையன்று, தோணியே. தாஸர் தம் குறையை நாள்தோறும் ஆராய்ந்தார். பேற்றுக்கோ ஆசார்ய ஸம்பந்தத்தையே நம்பினார். நம் குறை காண்பதில் சோம்பலும், கண்டபின் கலக்கமும் உடைய நமக்கு இவ்விரண்டும் வேண்டும்.

பிள்ளை உறங்காவில்லிதாஸர் திருவடிகளே சரணம்.