கர்ட் ஹான்

1886ஆம் ஆண்டு பெர்லின் நகரில் யூதக் குடியொன்றில் பிறந்தவர் கர்ட் ஹான். ஜெர்மனியின் தென்பகுதியில் சேலம் என்றோர் ஊருண்டு. அது தமிழகத்துச் சேலமன்று. அங்கு 1920இல் தோன்றிய பள்ளியை அவர் நடத்திவந்தார்.

1932இல் இட்லரின் கட்சியார் சிலர் ஒரு தொழிலாளியை வீடு புகுந்து கொன்றனர். இட்லர் கொலைஞர் பக்கம் நின்றார். ஹான் வாளாவிருந்திருக்கலாம், இருந்தாரல்லர். சேலம் பள்ளியா, இட்லரா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு பழைய மாணவர்க்கு மடல் விடுத்தார். அதன் பயன், 1933இல் சிறை. பிரிட்டிஷ் நண்பர்களின் முயற்சியால் விடுதலை பெற்று அந்நாடு சேர்ந்தார்.

இரண்டாம் உலகப்போரில் வணிகக் கப்பல்கள் பல மூழ்கின. உயிர்காப்புப் படகுகளில் முதிய மாலுமிகள் பிழைத்திருக்க, கட்டிளங்காளையர் மாண்டனர். உடல் தளருமுன் உள்ளம் தளர்ந்ததே காரணமெனக் கப்பல் நிறுவனத்தார் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். அவர் துணையுடன் 1941இல் வேல்ஸ் நாட்டு அபர்டவி கடற்கரையில் ஹான் ஒரு பயிற்சிப் பள்ளி கண்டார். படகோட்டலும் மலையேற்றமும் அங்குப் பாடங்களாயின.

பின்னர்ப் பல நாடுகளில் எழுந்த அத்தகைய பள்ளிகளில் மரங்களுக்கிடையே உயரத்தில் கயிற்றுப் பாதைகள் அமைந்தன. கால் நடுங்கக் கயிற்றின்மேல் நிற்பான் ஒருவன். அவன் விழாதபடி காவற்கயிற்றைப் பற்றி நிற்போர் தோழர்கள்.

தம்மைச் சிறையிட்ட நாட்டுக்கே முதுமையில் திரும்பிய ஹான், 1974இல் அங்கு மறைந்தார்.