ஜெய்பால் சிங் முண்டா

இன்றைய ஜார்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில் உள்ள டக்ரா என்னும் சிற்றூரில், 1903ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் ஜெய்பால் சிங் பிறந்தார். அவர் முண்டா குடியைச் சேர்ந்தவர். பிரமோத் பாகன் என்பது அவருடைய இளமைப் பெயர்.

முண்டாக்கள் காட்டைத் திருத்தி ஊர் அமைத்தவர்கள். அவ்வாறு திருத்திய நிலம் தனியொருவருக்கு உரியதன்று. அதனைத் திருத்திய குடிக்கிளை முழுமைக்கும் பொதுவானது. குந்த்கட்டி என்பது அவ்வுரிமையின் பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலக்கிழார்களும் வட்டிக்குக் கடன் கொடுத்தோரும் அந்நிலங்களைச் சிறிது சிறிதாகக் கவர்ந்தனர். அதனை எதிர்த்துப் பிர்சா முண்டா 1899ஆம் ஆண்டின் இறுதியில் கிளர்ந்தெழுந்தார். 1900இல் இராஞ்சிச் சிறையில் உயிர்நீத்தார். பழங்குடியினர் நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தும் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் 1908இல் வந்தது. அப்போது ஜெய்பாலுக்கு வயது ஐந்து.

இராஞ்சியில் பள்ளிக் கல்வி பெற்ற அவரைப் பாதிரியார் ஒருவர் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். ஆக்ஸ்போர்டில் பயின்ற ஜெய்பால் வளைகோற்பந்தாட்டத்தில் பெரும்புகழ் பெற்றார். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்தபோது, அவர் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தார். விடுப்புக் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் ஆடச் சென்றார். பின்னர் அப்பணியையும் துறந்தார். அவ்வாண்டு இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. இன்றும் பலர் அவரை அந்த வெற்றிக்காக மட்டுமே நினைவுகூர்கின்றனர்.

1939இல் அவர் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946இல் அரசியல் நிருணய சபையின் உறுப்பினராகி, குறிக்கோள் தீர்மானத்தின்மீது டிசம்பர் 19ஆம் நாள் உரையாற்றினார். பழங்குடியினருக்கு மக்களாட்சியைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை என்றும், அவர்கள் நெடுங்காலமாகவே ஊர்கூடி முடிவெடுத்து வாழ்பவர்கள் என்றும் எடுத்துரைத்தார். பழங்குடியினர் நலனை ஆராயவிருந்த குழுவில் பழங்குடிப் பெண் ஒருவரேனும் இல்லாததையும் அவர் சுட்டிக்காட்டினார். அந்நாளில் அக்குறை பிறர் கண்ணுக்குப் பட்டதாகத் தெரியவில்லை. ஆதிவாசி என்னும் சொல்லே தம் மக்களுக்குரிய பெயர் என்று அவர் வற்புறுத்தினார். எனினும் அரசியலமைப்பில் பட்டியல் பழங்குடியினர் என்னும் பெயரே நிலைபெற்றது.

ஐந்தாம் அட்டவணை குறித்த விவாதமே அவருக்கு மிகவும் இன்றியமையாததாக இருந்தது. பழங்குடிப் பகுதிகளின் ஆட்சியையும் நிலத்தையும் பற்றிய பகுதி அது. 1948ஆம் ஆண்டின் வரைவு, பழங்குடியினர் ஆலோசனைக் குழுவுக்கு வலிமை தந்திருந்தது. ஒரு சட்டம் தங்கள் பகுதிக்குப் பொருந்தாது என்று அக்குழு அறிவுரை கூறினால், ஆளுநர் அதன்படி ஆணையிட வேண்டும். 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சபைமுன் வந்த திருத்திய வரைவிலோ அம்முடிவு ஆளுநரிடம் சென்றுவிட்டது. ஆளுநர் தம்மிடம் அனுப்பும் பொருள்கள் பற்றி மட்டுமே குழு அறிவுரை கூறலாம் என்றாயிற்று. குழுவின் ஆற்றல் பறிக்கப்பட்டுவிட்டது என்று ஜெய்பால் வாதிட்டார். தனி ஏற்பாடுகள் பழங்குடியினரை மற்ற மக்களிடமிருந்து பிரித்துவிடும் என்று அஞ்சிய உறுப்பினர்களும் சபையில் இருந்தனர். அவ்வச்சத்தைப் பொருளற்றது என்று தள்ளிவிட இயலாது. ஆனால் நிலத்தை இழந்துகொண்டிருந்தவர்கள் அவ்வாறு அஞ்சியவர்கள் அல்லர்.

திருத்திய வரைவே நிறைவேறியது. ஆயினும் அவ்வட்டவணை வெறுமையானதன்று. பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ ஆளுநர் விதிகள் இயற்றலாம். குழு உள்ள மாநிலத்தில் அதனைக் கலந்தாலோசித்த பின்னரே அவ்விதிகளை இயற்ற வேண்டும். குழுவின் உறுப்பினர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருத்தல் வேண்டும்.

பின்னர் ஜெய்பால் ஜார்கண்ட் கட்சியைத் தோற்றுவித்துத் தனி மாநிலம் கோரினார். 1963இல் அக்கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தபோது அவருடைய தொண்டர் பலர் மனம் வருந்தினர். 1970ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அவர் மறைந்தார். பிர்சாவின் பிறந்தநாளான நவம்பர் 15 அன்று, 2000ஆம் ஆண்டில் ஜார்கண்ட் மாநிலம் உருவாயிற்று.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கெனத் தனி ஊராட்சிச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்றியது. அப்பகுதிகளில் நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையையோ உரிய ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. அவர்களின் இசைவைப் பெற வேண்டும் என்று கூறவில்லை.