அன்னை கஸ்தூரிபாய்

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியை அடுத்துத் தில்லையாடி என்னும் சிற்றூர் உள்ளது. 1915-ஆம் ஆண்டு காந்தியடிகளும் அவர்தம் துணைவியார் கஸ்தூரிபாய் அம்மையாரும் இப்பகுதிக்கு வந்தனர். தென்னாப்பிரிக்க அறப்போரில் ஈடுபட்டுப் பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் குடும்பத்தார்க்குரிய ஊர் அது. அம்மையாரும் அப்போரில் சிறை புகுந்து மீண்டவரே.

அம்மையார் 1869-இல் போர்பந்தரில் வணிகர் குடியில் பிறந்தார். இளமையிலேயே மணம் நிகழ்ந்தது. கல்வி கற்கும் வாய்ப்பு வாய்க்கவில்லை. கணவர் சொல்லுக்கு அடங்கி நடந்தவர் என்று மட்டும் இவரைப் புகழ்வார் உளர். அது பாதி உண்மையே. தவறெனக் கண்டதை அவர் கணவரிடத்தும் எதிர்த்து நின்றார். அவ்வுறுதியே தமக்கு அறப்போர் முறையைக் கற்பித்தது என்று அடிகளே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

1913-இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, கிறித்தவ முறைப்படி நிகழாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தது. இந்தியப் பெண்டிர் அனைவரும் மனைவியர் என்னும் தகுதியை இழக்கும் நிலை நேர்ந்தது. அம்மையார் செப்டம்பர்த் திங்களில் தோழியர் சிலருடன் இசைவுச் சீட்டின்றி டிரான்சுவால் எல்லையைக் கடந்தார். மூன்று திங்கள் கடுங்காவல் பெற்றார். சிறையினின்று மீண்டபோது அவர் உடல் எலும்புக்கூடாய் இளைத்திருந்தது.

மறு ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கணவருடன் இலண்டன் சென்று சேர்ந்தார். பிரிட்டன் போர் அறிவித்து இரண்டு நாளே ஆகியிருந்தது. அடிகள் அங்கிருந்த இந்தியரைத் திரட்டிக் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு புரியும் படை அமைத்தார், பின்னர் நோயுற்றார். டிசம்பரில் இருவரும் தாயகம் புறப்பட்டனர்.

1917-இல் பீகாரின் சம்பாரணில் அவுரிப் பயிரிட்ட உழவர்க்காக அடிகள் போராடினார். அங்கே சிற்றூர்ப் பெண்டிர்க்குத் தூய்மை கற்பிக்கும் பணி அம்மையாரைச் சார்ந்தது. அழுக்காடை உடுத்திருந்த ஒருத்தியை, ஆடையைத் துவைத்து உடுத்தலாகாதோ என வினவினார். அப்பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். அங்கே பெட்டியும் இல்லை, பேழையும் இல்லை. உடுத்திருந்ததன்றி அவளுக்கு வேறு புடைவை இல்லை. மாணவர்களே, எத்தனை நூல் கற்றாலும் வறுமையின் இந்தப் பாடம் எளிதில் கிட்டுமோ?

அதன்பின் நாட்டு விடுதலைக்காக அம்மையார் பன்முறை சிறை சென்றார். 1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் பம்பாயில் அடிகள் சிறைப்பட்டார். அன்று மாலைப் பொதுக்கூட்டத்தில் அவர் பேசுவதாக இருந்தது. தாமே சென்று பேசுவதாக அம்மையார் அறிவித்தார். அவரும் சிறைப்பட்டார், பின்னர்ப் பூனாவில் ஆகாகான் மாளிகையில் கணவருடன் காவலில் வைக்கப்பட்டார். அப்போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் துணைவியார் கிளெமென்டைன் அம்மையார், இரஷிய நாட்டிற்கு உதவும் செஞ்சிலுவைச் சங்க நிதிக்குத் தலைமை பூண்டு போற்றப்பட்டார். அவர் கணவரின் ஆட்சியில், நெஞ்சுநோயால் நலிந்த முதியவளாகிய நம் அன்னை காவலில் கிடந்தார். நோய் முற்றியும் அரசு விடுவிக்கவில்லை.

1944 பிப்ரவரி 22-ஆம் நாள், சிவராத்திரியன்று மாலை, கணவர் மடியில் தலைசாய்த்து உயிர்நீத்தார். அடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடைவையை உடுத்தி, மாளிகை வளாகத்திலேயே எரியூட்டினர். சரியாக 30 ஆண்டுகளுக்கு முன், 1914-இல் அதே பிப்ரவரி 22-ஆம் நாளில்தான் வள்ளியம்மையும் மறைந்தாள்.