ஒளியைக் கணக்கில் கண்டவர்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நாம், கம்பியின்றி வரும் அலைகளின் துணையால் உற்றார் குரலை நாள்தோறும் கேட்டு மகிழ்கின்றோம். எக்கருவியும் காட்டுவதற்கு முன்னரே அவ்வலைகளைக் கணக்கினாற் கண்டவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1831-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் அவர் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். நாட்டுப்புறப் பேச்சையும், தந்தையார் தாமே வகுத்துத் தந்த உடையையும் கண்ட பள்ளித் தோழர்கள் அவரை அசடன் என்று எள்ளினர். அந்த அசடரே பதினான்காம் வயதில் முட்டை வடிவ வளைகோடுகளைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். மிக இளையவராகையால், அறிஞர் அவையில் அதனைப் பேராசிரியர் ஒருவர் படிக்க நேர்ந்தது.

1856-இல் அபர்டீனில் பேராசிரியரானார். கல்லூரித் தலைவரின் மகளை மணந்தார். 1860-இல் அவ்வூரின் இரு கல்லூரிகள் ஒன்றானபோது வேலை இழந்தார். மாப்பிள்ளை முறையும் அங்கே செல்லவில்லை!

பின்னர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கழித்த ஐந்தாண்டுகளே அவர் வாழ்வின் பொற்காலம். காந்தத்தைச் சுற்றி விசைக் கோடுகள் பரவியுள்ளன என்று மைக்கேல் பாரடே கூறியிருந்தார். புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து உயர்ந்த அப்பெரியார் உயர் கணிதம் பயிலாதவர். ஆதலின் கணித வல்லுநர் பலர் அக்கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. மாக்ஸ்வெல் அவற்றைக் கணித மொழியில் எழுதினார். மாறும் காந்தப்புலம் மின்புலத்தை எழுப்பும் என்பது பாரடே கண்டது. மாறும் மின்புலமும் காந்தப்புலத்தை எழுப்பும் என்பது மாக்ஸ்வெல் சேர்த்தது. ஒன்றை மற்றொன்று எழுப்பின், இரண்டும் அலையாய் விரைதல் வேண்டும் அன்றோ? அவ்வேகத்தைக் கணித்தார். நொடிக்கு ஏறத்தாழ 3,10,000 கிலோமீட்டர் என வந்தது. ஜெர்மானியர் இருவர் லெய்டன் ஜாடியில் சேர்த்த மின்னூட்டத்தை அளந்து பெற்ற எண்ணிலிருந்து கிடைத்த விடை அது. அவ்வளவையில் ஒளிக்கு வேலையே இல்லை. ஆயினும் அந்நாளில் அளந்தறிந்த ஒளியின் வேகமும் ஏறக்குறைய அதுவே! ஒளியும் மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் துணிந்தார்.

1865-இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதிய சமன்பாடுகள் 20. இன்று நம் பிள்ளைகள் அவர் பெயரால் பயிலும் நான்கும், முன்னர்த் தந்தி ஊழியராயிருந்த ஆலிவர் ஹெவிசைட் 1880-களில் சுருக்கியமைத்த வடிவின. இதனால் மாக்ஸ்வெல்லின் புகழுக்குக் குறைவில்லை; ஹெவிசைட்டின் பெயரையும் பிள்ளைகள் அறிதல் நன்று.

1871-இல் கேம்பிரிட்ஜின் முதல் காவெண்டிஷ் பேராசிரியரானார். 1879 நவம்பர் 5-ஆம் நாள், தாயைக் கொண்டுபோன புற்றுநோயாலேயே, 48 வயதில் மறைந்தார். அவர் கூறிய அலை அன்று ஏட்டளவிலேயே இருந்தது. 1888-இல் ஹெர்ட்ஸ் அதனை ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவ்வலையைச் சுவர் கடந்து செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.