குழந்தைப் பூங்கா கண்ட புரோபெல்

தாயின் மடியே குழந்தைக்கு முதற் பள்ளிக்கூடம். அம்மடியில் ஓராண்டேனும் வளரும் பேறு பெறாத ஒருவர், விளையாட்டின் வாயிலாகக் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் வழியை உலகிற்குக் காட்டினார். அவரே பிரீட்ரிக் புரோபெல் என்னும் பெரியார்.

ஜெர்மனி நாட்டில் துரிங்கியா என்னும் மலைப்பகுதி உண்டு. அங்குள்ள ஓபர்வைஸ்பாக் என்னும் சிற்றூரில், 1782ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள் புரோபெல் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயகுரு. குழந்தைக்குப் பத்துத் திங்கள் நிரம்புமுன் தாயார் இறந்தார். தந்தையாருக்கோ சமயப் பணியில் ஓய்வில்லை. மாற்றாந்தாய், தமக்கெனக் குழந்தை பிறந்தபின் இச்சிறுவனை அன்புடன் பேணவில்லை. தனித்து விடப்பட்ட சிறுவன் வீட்டுத் தோட்டத்தையே துணையாகக் கொண்டான். பத்தாம் வயதில் தாய்மாமன் அவனைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கேதான் அன்பின் சுவையையும், ஒத்த வயதினரோடு ஆடும் இன்பத்தையும் அவன் முதன்முதல் அறிந்தான்.

பதினைந்தாம் வயதில் புரோபெல் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றார். காட்டில் வாழ்ந்த அந்நாட்களில் மரஞ்செடிகளின் வளர்ச்சியை ஊன்றி நோக்கினார். பின்னர் ஜேனாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆயினும் வறுமை அவரைத் தொடர்ந்து கற்கவிடவில்லை. பட்ட கடனைத் தீர்க்க இயலாமற் சில வாரங்கள் சிறையிலும் இருந்தார். 1805ஆம் ஆண்டு கட்டடக் கலை பயிலும் நோக்குடன் பிராங்க்பர்ட் நகரத்தை அடைந்தார். அங்கே ஒரு பள்ளித் தலைவர் அவரை ஆசிரியராக்கினார். மாணவர் முன் நின்றபோதே தமக்குரிய பணி இதுவே என அவர் உணர்ந்தார். அக்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் பெஸ்டலாசி என்னும் கல்வியறிஞர் புகழுடன் விளங்கினார். புரோபெல் அவரை நாடிச் சென்று, 1808 முதல் 1810 வரை அவருடனிருந்து பயிற்சி பெற்றார்.

தாய்நாடு திரும்பிய புரோபெல் 1816இல் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு அதனைக் கைல்ஹாவ் என்னும் ஊருக்கு மாற்றினார். பல்லாண்டு ஆசிரியப் பணி அவருக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தியது. பள்ளிக்கு வரும் வயதிற்கு முன்னரே குழந்தையின் அறிவும் பண்பும் பெரும்பாலும் உருப்பெற்றுவிடுகின்றன. வேரைப் பேணாது விட்டுக் கிளைக்கு நீர் ஊற்றுவதாற் பயன் யாது? எனவே பள்ளி வயதை எட்டாத பச்சிளங் குழந்தைகளின்பால் அவர் கருத்துச் சென்றது.

1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் குழந்தைகளுக்கென ஒரு நிலையம் அமைத்தார். விளையாட்டுப் பொருள்கள் பலவற்றை வரிசையாக உருவாக்கி, அவற்றிற்குப் பரிசுகள் எனப் பெயரிட்டார். முதற் பரிசு வண்ண நூலாற் பின்னிய ஆறு பந்துகள். இரண்டாவது, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவை. மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். அக்கட்டைகளைக் கொண்டு குழந்தை நாற்காலியும் படிக்கட்டும் செய்யும். இரண்டாகவும் நான்காகவும் பிரித்துப் பார்க்கும். மீண்டும் ஒன்றாக்கி மகிழும். பாதி, கால், முழுமை என்னும் கணக்கறிவு இவ்வாறு விளையாட்டிலேயே வாய்த்தது. இவையேயன்றி, ஒவ்வொரு குழந்தையும் விதைத்து நீரூற்றித் தானே பயிர் வளர்க்கத் தோட்டத்திற் சிறு பாத்தியும் உண்டு.

இந்நிலையத்திற்கு 1840ஆம் ஆண்டு கிண்டர்கார்ட்டன் என அவர் பெயர் சூட்டினார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். குழந்தை செடி, ஆசிரியர் தோட்டக்காரர். செடியை இழுத்து நீட்டி வளர்த்தல் இயலாது. நீரும் ஒளியும் தந்து காத்தல் இயலும். இதுவே அவர் கொள்கை.

பள்ளி மட்டும் போதாது, இல்லமும் துணைநிற்க வேண்டும் என அவர் உணர்ந்தார். 1844ஆம் ஆண்டு தாய்மார்க்கென ஒரு பாட்டு நூலை வெளியிட்டார். மழலையை மடியில் வைத்து, விரல்களை அசைத்து ஆடிப்பாட அந்நூல் கற்பித்தது. ஒவ்வோர் ஆட்டமும் குழந்தைக்கு எதனை உணர்த்துகின்றது என்பதையும் தாய்க்கு விளக்கியது. தாம் பெறாத தாயன்பை உலகக் குழந்தைகள் அனைவரும் அறிவோடு பெறுதல் வேண்டும் என அவர் விழைந்தார் போலும்! இளம் பெண்கள் பலருக்குக் குழந்தைகளைப் பயிற்றும் முறையையும் கற்பித்தார்.

இவ்வளவும் செய்தவர்க்கு முதுமையிற் பேரிடி ஒன்று காத்திருந்தது. அவருடைய உடன்பிறந்தார் மகன் கார்ல் புரோபெல் என்பவர் எழுதிய சிறுநூலின் கருத்துகளைப் பிரஷ்ய அரசு வெறுத்தது. இருவரையும் ஒருவரென மயங்கி, 1851ஆம் ஆண்டு கிண்டர்கார்ட்டன்களைத் தடை செய்தது. குழந்தைகளின் ஆடலிலும் பாடலிலும் நாத்திகமும் அரசியற் சூழ்ச்சியும் இருப்பதாக அதிகாரிகள் கருதினர். புரோபெல் உண்மையை விளக்கி முறையிட்டார், பயன் விளையவில்லை. தடை நீங்கக் காணாமலே 1852ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார்.

ஆயினும் அவர் இட்ட வித்துப் பட்டுப்போகவில்லை. அவர்பால் அன்பு பூண்ட பெர்த்தா பான் மாரன்ஹோல்ட்ஸ் பியூலோ என்னும் பெருமாட்டி பல நாடுகளுக்கும் சென்று அம்முறையைப் பரப்பினார். 1860இல் தடை நீங்கிற்று. ஓர் ஊரில் தொடங்கிய குழந்தைத் தோட்டம் இன்று உலகெங்கும் தழைத்துள்ளது.

புரோபெலின் கல்லறை மீது கனசதுரமும் உருளையும் உருண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் அமைக்கப்பெற்றுள்ளன. குழந்தையின் கையிலிருந்த விளையாட்டுப் பொருள்களே அப்பெரியாரின் நினைவுச் சின்னமாயின. தம்பி தங்கையர் மணலில் வீடு கட்டி மகிழுங்கால், அதனை வீண்பொழுது என்று இகழ்தல் தகாது. அவர்களோடு அமர்ந்து, கேட்பவற்றிற்கு அன்புடன் விடை கூறுதல் மூத்தோர் கடன். அதுவும் ஒரு கல்விப் பணியே.