சந்தையில் ஓட்டுரிமை கேட்ட சில்வியா

தோழர்களே, ஓட்டுப்போட வரிசையில் நிற்கும் நம்ம தோட்டத்துப் பெண்கள் சில்வியா பேங்கர்ஸ்ட் அம்மையாரைத் தெரிஞ்சுக்கணும். 1882-ல் மான்செஸ்டரில் பிறந்தவர். தாய் எம்மலின் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய தலைவி.

1912-ல் சில்வியா கிழக்கு லண்டனில் போ என்ற வட்டாரத்துக்கு வந்து கிளை திறந்தார். துறைமுகக் கூலிகளும் தையல், சலவை வேலைப் பெண்களும் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். ஏழைகளோடும் தொழிலாளர் இயக்கத்தோடும் அவர் ஒட்டிக்கொண்டது வீட்டாருக்குப் பிடிக்கவில்லை. 1914 ஜனவரியில் தாயும் அக்காள் கிறிஸ்டபெலும் அவரைச் சங்கத்தைவிட்டே விலக்கினார்கள். பெற்ற தாயே!

அவர் அசரவில்லை. கிழக்கு லண்டன் பெண்களோடு தனிச் சங்கம் நடத்தினார். மார்ச்சில் 'உமன்ஸ் டிரெட்நாட்' என்ற வாரப் பத்திரிகை வந்தது. விலை அரைப் பென்னி. அதை விற்க ரோமன் ரோடு சந்தையில் கடை போட்டார்கள். நின்று விற்றவர்கள் சங்கத்துப் பெண்களேதான். மண்டபம் பிடித்துக் கூட்டம் போட்டால் வேலைக்குப் போகிற பெண் எங்கே வருவாள்? கூடை தூக்கிக்கிட்டு சந்தைக்கு வந்துதானே ஆகணும்! சங்கத்துக்குச் சந்தா பிரிப்பவர்களுக்கு இது புரியும்.

போலீஸ் அவரைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். ஜூனில் பிரதமர் அஸ்குவித் இவர்களைச் சந்திக்க மறுத்தபோது, நடக்கத் தெம்பில்லாத உடம்போடு நாடாளுமன்ற வாசலில் போய்க் கிடந்தார். பிரதமர் இறங்கி வந்தார். 20-ம் தேதி அவர் எதிரே உட்கார்ந்து பேசியது சில்வியா இல்லை, ஆறு தொழிலாளிப் பெண்கள். பிரஷ் செய்து பிழைத்த அம்மா ஒருவரும் அதில் உண்டு.

1918-ல் 30 வயதான பெண்களுக்கு, அதுவும் வீடு, சொத்து நிபந்தனையோடு ஓட்டு வந்தது. ஆண்களைப்போல 21 வயதில் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது 1928-லதான்.